மலை ஏற என்னென்ன எடுத்துட்டுப் போகணும், சீசனுக்கு சீசன் மாறுமா? உங்க கேள்விக்கு பதில்

சரி அடுத்த கேள்வி, திண்டுக்கல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணா, டிசம்பர்ல ஃப்ரெண்ட்ஸ் கூட கொளுக்குமலை போறோம், மார்ச்ல அப்பாவ கூட்டிட்டு வெள்ளியங்கிரி ஏறணும், ஜூலைல வால்பாறை பக்கம் ஒரு ட்ரெக் பிளான் இருக்கு. மூணுக்கும் ஒரே பேக் போதுமா, ஸ்லீப்பிங் பேக் வாங்கணுமா?" அப்டின்னு.

பேக் ஒண்ணு போதும் தம்பி, உள்ள வைக்கிறதுதான் மாறும். ஆனா எந்த சீசனா இருந்தாலும் ஒரு செட் காஞ்ச துணி உள்ள இருந்தே ஆகணும். ஒரு டீ ஷர்ட், ஒரு ட்ராக் பேன்ட், ரெண்டு ஜோடி சாக்ஸ், அவ்ளோதான். நடக்கறப்ப எவ்ளோ நனைஞ்சாலும் அதுல கை வைக்காதீங்க, நடந்து முடிச்சு உக்காருற இடத்துலதான் அது வெளிய வரணும். ஏன்னு சொல்றேன்.

டிசம்பரை எடுத்துக்குவோம். ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா ஆறு, ஆறரை டிகிரி குறையும்னு கணக்கு. அடிவாரத்துல இருக்கற போடிநாயக்கனூரை விட கொளுக்குமலை கிட்டத்தட்ட 2000 மீட்டர் உசரத்துல இருக்கு, கீழ ராத்திரி 20 டிகிரின்னா மேல 7 கிட்ட வந்துடும், காத்து வேற அடிக்கும். இதுக்கு பயந்து எல்லாரும் என்ன பண்றாங்கன்னா தடியா ஒரு ஜெர்கின் வாங்கி கீழயே மாட்டிட்டு ஏற ஆரம்பிச்சிடறாங்க, பத்தே நிமிஷத்துல உள்ள வேர்த்து பனியன் முதுகோட ஒட்டிக்கும், அப்படியே மேல போய் சூரிய உதயம் பாக்க உக்காந்தா அந்த ஈரத்துல காத்து பட்டு உடம்பு நடுங்க ஆரம்பிச்சிடும். குளிர் காலத்துல உங்கள நனைக்கிறது உங்க வேர்வைதான். அதனால காட்டன் பனியன், ஜீன்ஸ் ரெண்டும் வேண்டாம், ஈரமானா லேசுல காயாது. விளையாட போடுற பாலியஸ்டர் ஜெர்சி போதும், விலையும் கம்மி. அது மேல ஒரு ஸ்வெட்டர் இல்லன்னா ஃப்ளீஸ், அதுக்கு மேல காத்து புகாத மெல்லிசு விண்ட்சீட்டர். ஏறுறப்ப ஜெர்சியோட ஏறுங்க, நின்னதும் மத்தத மாட்டுங்க. காதை மூடுற மாதிரி குல்லா ஒண்ணு, கையுறை ஒண்ணு, முடிஞ்சது.

இப்ப ஜூலை. மழை சீசன்னு பொதுவா சொல்றோம்ல, எந்த மழைன்னு பாக்கணும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை, வால்பாறை, நீலகிரி மேற்குப் பக்கம் எல்லாம் கொட்டித் தீர்க்கும், அதே நேரத்துல தேனி பக்கம் மலை மறைக்கறதால மழை கம்மியாத்தான் இருக்கும். அக்டோபர் வந்தா கதை மாறி கொல்லிமலை, ஏற்காடு, சிறுமலை பக்கம் வடகிழக்கு மழை பிடிக்கும். இது தெரிஞ்சாதான் என்ன எடுக்கணும்னே தெரியும்.

பேக்குக்கு ரெயின் கவர் போட்டா போதும்னு நெனைக்காதீங்க. முதுகுப் பக்கம் அது மூடாது, தோள்பட்டை வழியா தண்ணி இறங்கி நேரா உள்ள போயிடும். உர மூட்டைக்குள்ள ஒரு கனமான பாலிதீன் உறை வரும் பாருங்க, அத நல்லா கழுவி பேக்குக்குள்ள விட்டு அதுல துணிய வச்சு வாயை முறுக்கிக் கட்டிடுங்க, திரும்ப வீட்டுக்கே கொண்டு வந்துடுங்க. குடை வேஸ்ட், மேட்டுல காத்து திருப்பிப் போட்டுடும்.

அப்புறம் அட்டை. வால்பாறைல ஜூலைன்னா அட்டை இல்லாம கிடையாது. ஷூ லேஸ் ஓட்டை வழியாவே நூல் மாதிரி உள்ள போயிடும், சாதா சாக்ஸ் பின்னலுக்குள்ளயும் வாயை வச்சிடும், அதனால நெருக்கமான துணில தச்ச லீச் சாக்ஸ் வாங்கி பேன்ட்டை அதுக்குள்ள விட்டு முட்டிக்கு கீழ கட்டிக்கோங்க. ஒரு சின்னத் துணில கல் உப்பை மூட்டையா கட்டி குச்சி நுனில முடிஞ்சு வச்சுக்கோங்க, சாக்ஸ் மேல ஏறுறப்பவே தொட்டா சுருண்டு விழுந்துடும். கடிச்சிட்டா பதறாதீங்க, ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு விட்டுட்டுதான் அது போகும், அதனால கொஞ்ச நேரம் வழிஞ்சுட்டேதான் இருக்கும். சுத்தமான துணி வச்சு அழுத்திப் பிடிங்க.

மார்ச் வெள்ளியங்கிரிக்கு வருவோம், அங்க தண்ணிதான் முக்கியம். ஆளுக்கு மூணு லிட்டர், கூட ஓஆர்எஸ் பாக்கெட், அதாவது தண்ணில கலக்கற உப்பு சர்க்கரைப் பொடி. ஒரு லிட்டர்னு போட்டிருந்தா ஒரு லிட்டர்லதான் கலக்கணும், அரை பாட்டில்ல கொட்டிடாதீங்க. வெயிலுக்கு பயந்து ராத்திரி ஏறுறவங்கதான் அதிகம், அப்ப தலைல மாட்டுற ஹெட்லைட் அவசியம், மூங்கில் தடி ஒரு கைல இருக்கறப்ப இன்னொரு கைல செல்போனை பிடிச்சுட்டு ஏற முடியாது. விடியக்காலைல ஏழாவது மலைல கோடையிலயும் குளிர் காத்து வீசும், அந்த காஞ்ச செட்டு அங்கயும் வேணும். அப்பா மாத்திரை எடுக்கறவர்னா அது உங்க பேக்ல இல்ல, அவர் சட்டைப் பைல இருக்கணும். பிரஷர், ஆஸ்துமா இருந்தா டாக்டர்ட்ட கேட்டுட்டுதான் கூட்டிட்டுப் போகணும், அந்த மலைல மூச்சுத்திணறி இறந்தவங்க செய்தி இப்பல்லாம் வந்துட்டே இருக்கு, தயவுசெஞ்சு அசட்டையா இருக்காதீங்க.

கோடைல தீப்பெட்டி, லைட்டர் வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீல 20 பேருக்கு மேல இறந்து போயிட்டாங்க, நீங்க போகப்போற அதே கொளுக்குமலைல இருந்து இறங்குற வழிதான் அது. அதுக்கப்புறம்தான் ட்ரெக்கிங்குக்கு தனியா விதிமுறையே வந்துச்சு, வனத்துறை அனுமதிய பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க, மேல சிக்னல் இருக்காது.

ஸ்லீப்பிங் பேக் இந்த மூணுக்காக வாங்க வேண்டாம், வாடகைக்கு கெடைக்குது. கொளுக்குமலைல டென்ட்ல தங்குறீங்கன்னா கீழ விரிக்கிற மேட் இருக்கான்னு முதல்ல கேளுங்க, மேல எவ்ளோ போர்த்தினாலும் தரை கீழ இருந்து உடம்பு சூட்டை இழுத்துட்டேதான் இருக்கும். மேட் தரலன்னா ஆளுக்கு ஒண்ணு சுருட்டி பேக்குக்கு வெளிய கட்டிக்கோங்க, அது வெயிட்டே இருக்காது.