இருபத்துநான்கு மறுப்புகள்

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

யூதர்களைப் பற்றிப் பேசச் சொன்னால் நம்மூரில் பேச்சு ஹிட்லரில் தொடங்கும், இல்லையென்றால் பாலஸ்தீனத்தில் தொடங்கும். இரண்டும் பேசவேண்டியவைதான். நான் இன்று எடுத்துக்கொண்டது வேறொன்று. வேலையும் குடும்பமும் உள்ள வயதுவந்த மனிதர்கள், அதிலும் ஒருவர் நம்பிக்கையை மற்றவர் ஏற்காதவர்கள், ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே நூலைப் படிப்பது எப்படி? இந்தக் கேள்வியோடு யூதர்கள் ஒரு நூறு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் யூதன் இல்லை, எபிரேயமும் தெரியாது. மொழிபெயர்ப்பில் படித்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

யூதச் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பழைய தொகுப்பான தல்முத்தில் ஒரு கதை. மூன்றாம் நூற்றாண்டில் கலிலேயாவில் ரபி யோஹனான் என்று ஒரு பேராசான் (ரபி என்றால் யூத சமய ஆசான்). அவருடைய படிப்புத் தோழர் ரேஷ் லகீஷ், ஒரு காலத்தில் கொள்ளைக்காரர். யோஹனானின் தங்கையைத்தான் அவர் கட்டியிருந்தார். கத்தி எந்த நிலையில் முழுமையான பொருளாகிறது என்று சட்டம் பேசும்போது, “திருடனுக்குத் தன் தொழில் தெரியும்” என்று யோஹனான் குத்திவிட்டார். மனஸ்தாபம் முற்றியது. ரேஷ் லகீஷ் நோயில் விழுந்து இறந்துபோனார். யோஹனான் உடைந்துபோனார்.

அவரைத் தேற்ற எலெயாசர் பென் பெதாத் என்ற கூர்மையான இளைஞரை அனுப்பினார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும் அவர், “ஐயா, தாங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது” என்று ஒரு மேற்கோளை எடுத்து வைப்பார். யோஹனானுக்குப் பொறுக்கவில்லை. “நான் ஒன்று சொன்னால் லகீஷின் மகன் (ரேஷ் லகீஷைத்தான் சொல்கிறார்) 24 மறுப்பு சொல்வான், நான் 24 பதில் சொல்வேன். விஷயம் அப்படித்தான் விரியும். நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா?” என்றார். அதன்பின் ஆடையைக் கிழித்துக்கொண்டு, “லகீஷின் மகனே, எங்கே இருக்கிறாய்?” என்று அழுதபடி அலைந்து, சித்தம் கலங்கியே இறந்தார்.

ஆமாம் சாமி போடுகிறவன் துணையாகமாட்டான் என்பது இந்த மரபில் ஊறிய எண்ணம். இருவர் இருவராக உட்கார்ந்து, உரக்க வாசித்து, வாதாடிப் படிக்கும் முறைக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். தோழமை என்ற சொல்லிலிருந்து வந்தது. யூதப் படிப்பறைக்குள் நம்முடைய நூலக அமைதியை எதிர்பார்த்துப் போனால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிவரும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். யோஹனானும் ரேஷ் லகீஷும் எவ்வளவு சண்டை போட்டாலும் தோரா என்ற தங்கள் வேதம் இறைவன் தந்தது என்பதில் இருவருக்கும் சந்தேகம் கிடையாது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அந்த அடித்தளமே விரிசல் கண்டது. ஐரோப்பாவில் யூதர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது, பல்கலைக்கழகக் கதவு திறந்தது. வைதிகர், சீர்திருத்தவாதி, யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிஸ்ட், கடவுளே வேண்டாம் என்பவர் என்று சமூகம் பிரிந்தது. கூடவே ஒரு கூச்சமும் வந்து ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் கவிஞர் கதேயைக் கரைத்துக் குடித்த வக்கீல், இரசாயனத்தில் பட்டம் வாங்கியவர். ஆனால் சொந்த மரபைப் பற்றிய அறிவு பதின்மூன்று வயதோடு நின்றுவிட்டது. குழந்தைகளோடு போய் உட்காரவும் முடியாது, பண்டிதர் முன் வாய்திறக்கவும் முடியாது.

இந்தக் கூச்சத்தைப் புரிந்துகொண்டவர் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக். 1886-இல் காசல் நகரில் பிறந்தவர். 1913-இல் கிறிஸ்தவராக மாறுவதென்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டு, பிறகு யூதராகவே இருப்பது என்று திரும்பி வந்தவர். முதல் உலகப்போரில் மாசிடோனியப் போர்முனையிலிருந்து தன் பெரிய தத்துவ நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அஞ்சலட்டைகளில் எழுதித் தாய்க்கு அனுப்பினார். பேராசிரியர் வேலை தேடிப் போகாமல், 1920-இல் பிராங்க்பர்ட்டில் சுதந்திர யூதக் கற்றல் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். லேர்ஹௌஸ் என்பார்கள். ‘சுதந்திர’ என்றதும் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், கட்டணம் உண்டு. நுழைவுத் தகுதி என்று ஒன்றும் கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

தொடக்க உரையில் அவர் சொன்னதன் சாரம் இது: முன்பு தோராவிலிருந்து வாழ்க்கைக்குப் போனோம், இனி வாழ்க்கையிலிருந்து, தோராவை அறியாத உலகத்திலிருந்து, தோராவுக்குத் திரும்பிப் போகவேண்டும். ஆகவே விளிம்பில் நிற்பவனுக்குத்தான் அங்கே முதல் நாற்காலி. கற்பிப்பவரும் கூடவே கற்பவராக இருக்கவேண்டும் என்றார். எடுவர்ட் ஸ்ட்ராஸ் என்ற வேதியியலாளர் பைபிள் வகுப்பு எடுத்தார். ரிச்சர்ட் கோக் மருத்துவர். பெண்கள் இயக்கத்தின் பெர்த்தா பாப்பன்ஹைம் வந்தார். தத்துவவாதி மார்ட்டின் பூபர், யூத மறைஞான ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலம், பின்னால் உளவியலாளராகப் புகழ்பெற்ற, அன்று இளைஞரான எரிக் ஃபிரோம் எல்லாம் வந்தார்கள். இவர்களை ஒரே அறையில் விட்டால் ஒரு தீர்மானம்கூட ஏகமனதாக நிறைவேறாது.

உச்ச காலத்தில் சுமார் 1,100 பேர் பதிந்திருந்தார்கள். பெரிய பேச்சாளர்களின் சொற்பொழிவுக்குக் கூட்டம் வந்தது. ரோசன்ஸ்வைக்குக்கோ சின்னக் குழுக்களில்தான் உயிர் இருப்பதாகப் பட்டது. அவருடைய சொந்த உரைகள் கடினமாக இருந்து, ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். மேடையில் நின்று சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருக்கும் நான் இதைச் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கத்தான் செய்கிறது.

1922-இல் அவருக்குத் தசைகளைச் செயலிழக்கவைக்கும் நோய் கண்டது. பேச்சு போனது, கை போனது. எழுத்தெழுத்தாகச் சைகை காட்டி மனைவி எடித்தின் துணையோடு எழுதினார். பூபரோடு சேர்ந்து எபிரேய பைபிளை ஜெர்மனில் பெயர்க்கத் தொடங்கியதும் அந்த நிலையில்தான். 1929-இல் இறந்தார். அதற்கு முன்பே இல்லம் தளர்ந்துவிட்டிருந்தது. 1933-இல், நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின், பூபர் அதை மறுபடி திறந்தார். பள்ளி, பல்கலைக்கழகங்களிலிருந்து யூதர்கள் படிப்படியாக விரட்டப்பட்ட நேரத்தில் ஐந்து வருடம் அது நடந்தது. 1938-இல் முடிந்துபோனது.

அடுத்த உதாரணம் சமையலறையிலிருந்து. 1980-இல் பிரிட்டனில் தொடங்கிய லிம்முத். ‘கற்றல்’ என்று பொருள். வருடம் ஒருமுறை சில நாள் கூடிப் படிப்பார்கள். யாரும் கற்பிக்கலாம், கற்பிப்பவருக்குச் சம்பளம் கிடையாது, பெயர் அட்டையில் பட்டம் போடக்கூடாது. பேராசிரியரும் ரபியும் வெறும் பெயரோடு வரிசையில் நிற்பார்கள். இது பரவியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நம் அழைப்பிதழ்களில் முனைவர், கலைமாமணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் எவ்வளவு காகிதம் மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள்!

சிக்கல் சோற்றிலும் தொழுகையிலும் வருகிறது. பொது இடத்தில் கோஷர் உணவுதான், அதாவது யூத சமய விதிப்படியான உணவு; ஓய்வுநாள் நெறியும் உண்டு. தொழுகை மட்டும் தனித்தனி அறைகளில் அவரவர் வழக்கப்படி. சேர்ந்து படிக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம், சேர்ந்து தொழுவதுதான் கடினம் என்று கண்டுகொண்ட ஏற்பாடு இது. கடுமையானவர் சாப்பிடக்கூடியதை மற்றவரும் சாப்பிடலாம், மறுதலை நடக்காது. ஆக, விட்டுக்கொடுப்பவர் பெரும்பாலும் தாராளவாதிதான்.

வைதிகரும் சும்மா இல்லை. 2013-இல் பிரிட்டனின் தலைமை ரபியாகப் பொறுப்பேற்ற எப்ரைம் மிர்விஸ் லிம்முத்துக்குப் போக முடிவெடுத்தபோது மூத்த ரபிகள் சிலர் வெளிப்படையாகக் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். அவர்கள் வாதத்தைக் குறுகிய மனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தோரா இறைவன் வாக்கு என்று நம்புகிறவருக்கு, அதைப் பல கருத்துகளில் ஒன்றாக மேசையில் வைப்பதே தோல்விதான். பன்மைக்கு இடம் கொடுக்கும் மேசையும் ஒரு பக்கம் சாய்ந்த மேசை. அதை அந்த மேசைக்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். மிர்விஸ் போனார், பேசினார்.

கடைசியாக ஜெருசலேம். ரூத் கால்டரோன் மதச்சார்பற்ற சூழலில் வளர்ந்து, தல்முத் தன்னிடமிருந்து மறைக்கப்பட்டதாக உணர்ந்து, அதைத் தேடிப் படித்தவர். 1989-இல் மதப்பற்றுள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து படிக்கும் எலூல் என்ற அமைப்பையும், 1996-இல் டெல் அவிவில் அல்மாவையும் தொடங்கியவர்களில் ஒருவர். 2013-இல் இஸ்ரேல் நாடாளுமன்ற உறுப்பினரானார். முதல் உரையில் தல்முத்தைத் திறந்து ஒரு கதை படித்தார்.

ரபி ரெஹூமி வெளியூரில் படிக்கிறார். வருடத்தில் ஒரே நாள், யோம் கிப்பூர் நோன்புக்கு முந்தைய நாள், வீட்டுக்கு வருவார். ஒரு வருடம் படிப்பு அவரை இழுத்துக்கொண்டது. மனைவி, இதோ வருகிறார், இதோ வருகிறார் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவள் கண்ணிலிருந்து ஒரு துளி விழுந்தது. அவர் உட்கார்ந்திருந்த கூரை இடிந்தது, இறந்தார்.

கால்டரோன் இதைத் தன் நாட்டில் மதச்சார்பற்றவருக்கும் வைதிகருக்கும் நடக்கும் சண்டைக்குப் பொருத்தினார். படைக்குப் போய், வேலை செய்து, அந்தப் பெண்ணைப்போல் காத்திருப்பதாக ஒரு சாரார் நினைக்கிறார்கள். மரபின் பாரம் முழுவதையும் தாமே கூரைமேல் சுமப்பதாக மற்றவர்கள் நினைக்கிறார்கள் என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குறுக்கீடு வந்தது. அவையை நடத்திக்கொண்டிருந்தவர் வைதிகக் கட்சியான ஷாஸின் யிட்சாக் வக்னின். அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ரெஹூமி என்ற பெயருக்குள் கருப்பை என்ற சொல் இருக்கிறது, எபிரேயத்தில் எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு, அந்தச் சொல்லின் மதிப்பு 248 என்று தலைவர் இருக்கையிலிருந்தே பாடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கால்டரோன் கோபப்படவில்லை. நன்றி சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.