ஒரு தரம் சொன்னால் போதும்

வன்னி நேயர்களுக்கு வணக்கம். நடந்து முடிந்த ஒன்றை ஆங்கிலத்தில் எப்படிப் பிழையில்லாமல் சொல்வது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கன வருடமாக வகுப்பில் நான் சொல்லிவரும் சங்கதிதான். என்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது இதைக் கேட்டால், 'சேர் திரும்பத் தொடங்கிவிட்டார்' என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆங்கிலத்தில் ஒரு வினைக்கு இறந்தகாலத்தை ஒரு தரம் காட்டினால் போதும். எங்கள் ஆட்களுக்கு ஒரு தரம் காணாது. 'ஐ வோஸ் வென்ட்' என்பார்கள். அந்த 'வோஸ்' எதற்கு? 'ஐ வென்ட்'. அவ்வளவுதான்.

கேள்வி கேட்கும்போதும் இதே கதை. 'டிட் யூ வென்ட்?' நெல் மூட்டையை ஒருவர் தோளில் ஏற்றிவிட்டால் மற்றவர் கையை வீசிக்கொண்டு நடக்கலாம், இல்லையா? 'டிட்' மூட்டையைத் தூக்கிவிட்டது. 'வென்ட்' இனிக் 'கோ'வாக வரலாம். 'டிட் யூ கோ?', 'ஐ டிட் நொட் கோ'. இன்னொரு தரம் சொல்கிறேன், அடுப்படியில் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும்: 'டிட்' வந்தால் 'கோ', 'வென்ட்' இல்லை.

அடுத்தது 'ஹாவ்'. அதைச் சேர்த்தால் படித்த ஆள் மாதிரி இருக்கும் என்று ஒரு எண்ணம். என்னிடம் படித்த பெடியன் ஒருவன் கிளிநொச்சியில் ஒரு நேர்முகத்துக்குப் போனான். முன்பு ஒரு கடையில் மூன்று வருடம் கணக்கு எழுதி, பிறகு விலகியவன். அதைச் சொல்ல, 'ஐ ஹாவ் வேர்க்ட் தெயர் ஃபோர் த்ரீ இயர்ஸ்' என்றிருக்கிறான். கேட்டவருக்கு அவன் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான் என்று விளங்கியிருக்கிறது. 'அந்த வேலையை எப்போது விடுவீர்?' என்று கேட்டாராம். இவன் முழித்தான். விட்டு ஒரு வருடமாகிவிட்ட வேலையை இனி எப்படி விடுவது? 'ஹாவ்' இல்லாமல் 'ஐ வேர்க்ட் தெயர்' என்றிருந்தால் அந்தக் கேள்வியே வந்திராது. நல்லகாலம், தமிழில் விளக்கி ஒருமாதிரிச் சமாளித்துவிட்டான்.

அதனால் நேற்று, போன கிழமை என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் 'ஹாவ்' வேண்டாம். வருடத்தைச் சொன்னாலும் அப்படித்தான். 1990இல் எங்கள் பக்கம் ரயில் நின்றது. 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. 'இற் ஸ்டொப்ட் இன் 1990. இற் கேம் பக் இன் 2013.' வருடத்தைச் சொல்லிவிட்டு 'ஹாஸ் கம்' என்றால் பிழை.

இதில் ஒரு வசதியும் உண்டு. தமிழில் வந்தான், வந்தாள், வந்தது என்று ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் 'கேம்'தான். 'வோஸ்', 'வேர்' இரண்டில் மட்டும் ஆளைப் பார்க்க வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். உச்சரிப்பைக் கடைசிக்கு வைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். எழுத்தில் 'ஈ, டி' சேர்ந்தாலும் எல்லா இடத்திலும் 'எட்' என்று இழுக்க வேண்டாம். பஸ் முறிகண்டியில் 'ஸ்டொப்ட்', 'ஸ்டொப்பெட்' இல்லை. 'வோன்ட்', 'நீட்' போல 'ட்' ஒலியில் முடியும் வினைகளுக்கு மட்டும் 'வோன்டிட்', 'நீடிட்' என்று வரும். மிச்சத்தை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.