கதவை மறித்து உட்கார்ந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஊரில் இரண்டு குடும்பங்களுக்குள் சண்டை வந்தால் பஞ்சாயத்து கூடுகிறது. திண்ணையில் ஆண்கள் உட்காருகிறார்கள். பெண்கள் கதவோரம் நின்று கேட்கிறார்கள். ஆனால், மறுநாள் குழாயடியில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள் அந்தக் கதவோரத்துப் பெண்கள்தான். நாடுகளின் சமாதானமும் பெரும்பாலும் இப்படித்தான் பேசப்படுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா என்று ஒரு சிறிய நாடு. அங்கே 1989 முதல் 2003 வரை, நடுவில் சிறிது இடைவெளி விட்டு, இரண்டு உள்நாட்டுப் போர்கள் நடந்தன. சிறுவர்களின் கையில்கூடத் துப்பாக்கி இருந்தது. 2003இல் தலைநகர் மன்ரோவியாவில், மீன் சந்தையை ஒட்டிய திடலில் பெண்கள் வெள்ளை உடையில் வந்து உட்கார்ந்தார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் ஒன்றாக, வெயிலிலும் மழையிலும், நாள் தவறாமல். அதிபர் சார்லஸ் டெய்லரின் வாகனங்கள் அந்த வழியாகத்தான் போகும். முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் லேமா போவி. பத்திரிகைகளோ, போர் நிற்க வேண்டும் என்று பெண்கள் கணவன்மாரை அண்டவிடவில்லை என்ற செய்தியைத்தான் பெரிதாக்கின. அதனால் விளம்பரம்தான் கிடைத்தது, வேறு பெரிய பயன் இல்லை என்று லேமாவே சொல்லியிருக்கிறார். மழையில் நனைந்ததை எழுத ஆளில்லை!

ஜூன் மாதம் கானா நாட்டின் அக்ராவில், டெய்லரின் அரசுக்கும் அதை எதிர்த்த கிளர்ச்சிப் படைகளுக்கும் இடையே பேச்சுவார்த்தை தொடங்கியது. தளபதிகளுக்கு ஓட்டல் அறை, சாப்பாடு எல்லாம் உண்டு. வாரங்கள் ஓடின. யாருக்கு எந்தப் பதவி என்றே பேச்சு. அங்கே மன்ரோவியாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

ஜூலையில் ஒருநாள் லேமாவும் உடன் வந்த பெண்களும் கூட்ட அறையின் வாசலில் கை கோத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் வரும்வரை உள்ளே இருப்பவர் யாரும் வெளியே போக முடியாது என்றார்கள். லேமாவைக் கைது செய்யக் காவலர்கள் வந்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து நின்று, உடையைக் களையப் போகிறேன் என்றார். வானொலியில் இதைச் சொல்லலாமா என்று எனக்கும் தயக்கம்தான். ஆனால், அந்த மண்ணில் தாய் ஸ்தானத்தில் இருப்பவள் அப்படிச் செய்தால் பார்த்தவனுக்குப் பெருஞ்சாபம். வயிறெரிந்த ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினால் நம் ஊரில் எப்படி நடுங்குவார்களோ, அப்படி. காவலர்கள் பின்வாங்கினார்கள். வெளியேற முயன்ற தளபதி ஒருவரை, நடுவராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் அதிபர் அப்துல்சலாமி அபுபக்கரே கடிந்து உள்ளே அனுப்பினார். ஆகஸ்ட் 18இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

கவனியுங்கள்: வாசலில்தான் உட்கார்ந்தார்கள். உள்ளே அவர்களுக்கு நாற்காலி இல்லை. அமைதிப் பேச்சில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2000இலேயே தீர்மானம் போட்டிருந்தது. அதன் எண் 1325. காகிதத்தில் இருந்த நாற்காலி அக்ராவில் இவர்களுக்கு வந்து சேரவில்லை.

சமாதானம் என்றால் கையெழுத்து மட்டும் இல்லையே. துப்பாக்கியை வாங்கி வைப்பது யார், காவல் துறையில் சேர்வது யார், இவையும் அதில் அடக்கம். லைபீரியாவில் ஆயுதம் துறந்ததாகப் பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வந்து சேர்ந்த துப்பாக்கிகளோ ஏறத்தாழ 28,000. மீதி எந்தக் கூரைக்குள் செருகியிருக்கிறது என்பது அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவளைக் கேட்டுத் திட்டமிட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நம் நாட்டுக் கதையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதைச் சுருக்கத்தான் வேண்டும். 2007இல் நம் மத்திய ரிசர்வ் காவல் படையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மன்ரோவியாவுக்குப் போனார்கள். முழுக்கப் பெண்களே கொண்ட ஐ.நா.வின் முதல் காவல் பிரிவு அது. அதிபர் எல்லன் ஜான்சன் சர்லீஃபின் அலுவலகத்துக்குக் காவல், இரவு ரோந்து, 2016 வரை அணி அணியாக. அந்த ஆண்டுகளில் லைபீரியப் பாதுகாப்புப் பணிகளில் பெண்கள் 6 சதவீதத்திலிருந்து 17 சதவீதம் ஆனார்கள். நம் படைப் பெண்கள் அங்கே பள்ளிச் சிறுமிகளுக்குத் தற்காப்புக் கலையும் கற்றுக்கொடுத்தார்கள். அதை இன்னொரு நாள் விரிவாகச் சொல்கிறேன். வணக்கம்.