காமாலை இறங்கினாலும் வைரஸ் இருக்கலாம்: ஹெபடைட்டிஸ் பி, சி கல்லீரல் புற்றுநோய் வரை போவது எப்படி?

[திரையில்: தேயிலைச் சரிவு, கோத்தகிரி. பிறகு கல்லீரலின் வரைபடம்.]

வணக்கம். நம்ம மலைப் பக்கம் யாருக்காவது கண் மஞ்சளானால் முதல் மருந்து கீழாநெல்லிதான். சில நாளில் காமாலை இறங்கியதும் எஸ்டேட் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். வந்தது ஹெபடைட்டிஸ் ஏ அல்லது ஈ என்றால் பெரும்பாலும் அதோடு சரி. பி, சி அப்படியில்லை. காமாலையே காட்டாமல் 20, 30 வருஷம்கூட கல்லீரலில் தங்கும். கல்லீரல் புற்றுநோய்க்கு உலக அளவில் பெரிய காரணங்கள் இந்த இரண்டும்தான். ஆனால் இரண்டும் ஒரே வழியில் அங்கே போவதில்லை.

[திரையில்: கல்லீரல் செல்லின் உட்கரு, அதில் ஒரு வளையம்.]

முதலில் பி. இது டி.என்.ஏ வைரஸ். சுமார் 3,200 எழுத்துகள்தான் இதன் மொத்த மரபணுத் தொகுதி. செல்லின் உட்கருவுக்குள் போனதும் மூடிய வளையமாக மாறி உட்கார்ந்துகொள்ளும். டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை அடக்கும். இந்த வளையத்தை அழிக்காது. அதனால்தான் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பி, கல்லீரல் திடீரெனச் செயலிழக்கும் அளவுக்குப் போகலாம்.

வைரஸ் டி.என்.ஏ-வின் துண்டுகள் நம் குரோமோசோமுக்குள்ளேயும் செருகிக்கொள்ளும். எந்த இடத்தில் என்று கணக்கில்லை. பெரும்பாலான செல்களில் ஒன்றும் ஆகாது. ஏதோ ஒரு செல்லில் டெர்ட் என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் செருகினால், அடங்கிக் கிடந்த அந்த மரபணு வேலை செய்யத் தொடங்கும். டெலோமரேஸ் நொதி உருவாகும். குரோமோசோம் முனைகள் தேய்வது நின்று, செல் ஓய்வில்லாமல் பிரியும். வைரஸின் எக்ஸ் புரதம், டி.என்.ஏ-வைப் பராமரிக்கும் நம் புரதங்கள் சிலவற்றைச் சிதைக்கவும் வைக்கிறது. ஆகவே கல்லீரல் சுருங்கித் தழும்பேறாமலேயே, அதாவது சிரோசிஸ் இல்லாமலேயே, பி வைரஸால் புற்றுநோய் வரலாம். பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான்.

[திரையில்: தழும்பேறிய கல்லீரல்.]

சி வைரஸ் ஆர்.என்.ஏ வகை. நம் குரோமோசோமைத் தொடாது. இதன் பாதை பெரும்பாலும் தழும்பு வழிதான். தொற்றிய செல்களை நம் எதிர்ப்புச் சக்தியே தாக்கும், செல்கள் சாகும், புதியவை பிரிந்து அந்த இடத்தை நிரப்பும். ஒவ்வொரு பிரிவிலும் நகல் பிழைகள் சேரும். கூடவே நார்த்திசு படியும். மது குடிப்பவருக்கு இதெல்லாம் வேகமாக நடக்கும். 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு சி முழுதாகப் போய்விடும். ஆனால் சிரோசிஸ் வந்த பிறகு குணமானவர் ஸ்கேனை நிறுத்தக்கூடாது. வைரஸ் போனாலும் சேர்ந்த பிழைகள் போவதில்லை.

[திரையில்: ரத்தப் பரிசோதனை, ஸ்கேன்.]

யாருக்கு என்ன பரிசோதனை? பி-க்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி, சி-க்கு ஆன்டி எச்.சி.வி. எச்.பி.எஸ்.ஏ.ஜி ஆறு மாதம் தாண்டியும் பாசிட்டிவ் என்றால் நாள்பட்ட தொற்று. சிரோசிஸ் உள்ள எல்லோரும், சிரோசிஸ் இல்லாவிட்டாலும் பி உள்ள 40 வயது தாண்டிய ஆண்கள், 50 தாண்டிய பெண்கள், பி இருந்து குடும்பத்திலும் கல்லீரல் புற்றுநோய் இருந்தவர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்டும் ஏ.எஃப்.பி (கல்லீரல் கட்டி இருந்தால் கூடக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். ஏ.எஃப்.பி மட்டும் போதாது. ஆரம்பக் கட்டி உள்ள பலருக்கு அது நார்மலாகவே இருக்கும். ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டி தெரிந்தால் மருந்து ஏற்றி எடுக்கும் மூன்று கட்ட சி.டி தேவை. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பி, சி பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

[திரையில்: குளிர்பெட்டியில் தடுப்பூசிக் குப்பிகள், ஊட்டி உறைபனிக் காலை.]

பிறக்கும்போது பி தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது நாள்பட்டதாகிறது. பெரியவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசியின் முதல் ஊசி. தாய் பாசிட்டிவ் என்றால் 12 மணி நேரத்துக்குள், மற்றத் தொடையில் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலைப் புரதங்கள்) சேர்த்து. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

இனி தடுப்பூசியைக் கையாளும் சுகாதார ஊழியர்களுக்கு. இந்தத் தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெயிலைவிட உறைவதுதான் இதற்கு ஆபத்து. உறைந்தால் அதிலுள்ள அலுமினியத் துகள்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்து மருந்தின் வீரியம் போய்விடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்திருங்கள். டிசம்பர், ஜனவரி ஊட்டிக் குளிரில் இதற்கு சமவெளியைவிட நேரம் பிடிக்கும்.

குப்பி உறைந்ததா என்று சந்தேகமா? அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து, உருகவிட்டு, இரண்டையும் குலுக்கி அருகருகே வையுங்கள். அரை மணி நேரத்துக்குள், சந்தேகக் குப்பியிலும் உறைந்ததைப் போலவே அடியில் வண்டலும் மேலே தெளிந்த நீரும் தெரிந்தால் அதைப் போடக்கூடாது. இந்தச் சோதனையைக் காரணம் காட்டிக் குழந்தையைக் காக்கவைக்காதீர்கள். நல்ல குப்பியில் முதலில் ஊசியைப் போட்டுவிட்டுப் பிறகு சோதியுங்கள்.