சேலத்துச் சாபம் யார் வீட்டில் தங்கியது?

இளம் நண்பர்களே, வாசகர் வட்டத்துப் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சூனியக்காரிப் பரம்பரையில் பிறந்த பெண்ணின் காதல் கதைகளை உங்களில் பலர் விழுந்து விழுந்து படிக்கிறீர்கள். பதினேழு வயதுப் பெண். பாட்டி விட்டுப்போன பழைய வீடு. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் தூக்கில் போடப்பட்ட ஒருத்தி விட்ட சாபம். அந்தக் குடும்பத்துப் பெண் யாரைக் காதலித்தாலும் அவன் உயிரோடு இருக்க மாட்டான். பக்கத்து வீட்டுக்கு ஒரு பையன் குடிவருகிறான். பாதிக் கதையில் தெரிய வருகிறது, அன்றைக்குத் தீர்ப்புச் சொன்ன நீதிபதியின் வம்சத்தில் வந்தவன் அவன் என்று.

இந்தக் கதைகளை மட்டம் தட்ட நான் மேடை ஏறவில்லை. நானும் விரும்பிப் படிக்கிறவள்தான். பெரியவர்கள் செய்துவிட்டு வாய்திறக்காமல் போன ஒன்று நம் தலையில் வந்து விடியுமோ என்ற பயம் அந்த வயதில் யாருக்குத்தான் இல்லை? அதை மந்திரமாகவும் சாபமாகவும் மாற்றிச் சொல்லும்போது மனம் சட்டென்று பற்றிக்கொள்கிறது. ஆனால் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க வேண்டும். சூனியம் ரத்தத்தில் ஓடும், தாயிடமிருந்து மகளுக்கு வரும் என்று இந்தக் கதைகள் சொல்கின்றனவே, அந்த எண்ணம் முதலில் யாருடையது?

இப்படிப்பட்ட கதைகள் பலவும் போய் நிற்கிற ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பாஸ்டனுக்கு வடக்கே, மாசசூசெட்ஸ் கடற்கரையில் இருக்கும் சேலம். அங்கே 1692ஆம் ஆண்டு தொடக்கத்தில், பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு இழுப்பும் அலறலும் வந்தன. ஒருத்திக்கு 9 வயது, இன்னொருத்திக்கு 11. யார் உங்களை வதைப்பது என்று பெரியவர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். மூன்று பெயர்கள் வந்தன. அந்த வீட்டில் அடிமையாக இருந்த டிட்டுபா, நோயாளியான சாரா ஆஸ்போர்ன், பிச்சை எடுத்துப் பிழைத்த சாரா குட். அங்கே பிடித்த தீ அடுத்த வசந்தம் வரை எரிந்தது. நூற்றைம்பது பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஐவர் ஆண்கள். பதில் சொல்ல மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவரை மார்பில் கல் அடுக்கிக் கொன்றார்கள். கதைகளில் எரிக்கிறார்களே, சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை.

சாரா குட் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வசதியான விடுதிக்காரரின் மகள் அவர். தந்தை இறந்த பிறகு சேர வேண்டிய பங்கு கைக்கு வரவில்லை. கடனில் மூழ்கி, கைக்குழந்தையோடு வீடு வீடாகப் போய்க் கையேந்துகிற நிலைக்கு வந்தார். பிச்சை போடாத வீட்டு வாசலில் முணுமுணுத்துக்கொண்டே போவார். அந்த முணுமுணுப்பைத்தான் மந்திரம் என்றார்கள். விசாரித்த நீதிபதி ஜான் ஹாதார்ன் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, எந்தக் கெட்ட ஆவியோடு உனக்குப் பழக்கம் என்பது. பழக்கம் உண்டா என்று கேட்கவில்லை, கவனியுங்கள். கட்டிய கணவன்கூட அவர் பக்கம் நிற்கவில்லை. இவள் சூனியக்காரிதான், இல்லாவிட்டால் சீக்கிரமே ஆகிவிடுவாள் என்று பயமாக இருக்கிறது என்றான்.

1692 ஜூலை 19. தூக்குமேடையில், குற்றத்தை ஒப்புக்கொள் என்று நிக்கலஸ் நாய்ஸ் என்ற பாதிரியார் வற்புறுத்துகிறார். அப்போது சாரா குட் சொன்னது இன்றும் பதிவில் இருக்கிறது: நீ மந்திரவாதி இல்லை என்றால் நானும் சூனியக்காரி இல்லை, என் உயிரை நீ எடுத்தால் கடவுள் உனக்குக் குடிக்க ரத்தம் கொடுப்பார். நம் ஊரில் வயிறெரிந்து மண்ணை வாரித் தூற்றுகிற பெண்ணின் குரல்தான் எனக்கு இதில் கேட்கிறது. நாய்ஸ் பல ஆண்டுகள் கழித்து ரத்தம் கக்கிச் செத்தார் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். நீங்கள் படிக்கிற அத்தனை சூனியக்காரி சாபங்களிலும் இந்த ஒரு வாக்கியத்தின் எதிரொலி இருக்கிறது.

இனி அந்த ரத்த வழிக்கு வருகிறேன். சாரா குட்டுக்கு டாரதி என்று ஒரு மகள். வயது நான்கோ ஐந்தோ. தாய் சூனியக்காரி, ஆகவே மகளும் அப்படித்தான் என்று அந்தக் குழந்தையைக் கைது செய்தார்கள். தனக்கு ஒரு குட்டிப் பாம்பு இருக்கிறது, அம்மா கொடுத்தது, அது விரலைச் சப்பும் என்று குழந்தை சொன்னது. சிவந்த புள்ளி ஒன்றையும் காட்டியது. அதைத் தாய்க்கு எதிரான சாட்சியாக எழுதிக்கொண்டார்கள். மாதக்கணக்கில் சங்கிலியில் கட்டி வைத்தார்கள். கைக்குழந்தை சிறையிலேயே இறந்தது. தாயைத் தூக்கிலிட்டார்கள். மனைவிக்கு எதிராகப் பேசிய அதே கணவன், 1710இல் நஷ்டஈடு கேட்டு மனு எழுதுகிறான்: சிறையில் பயந்த பயத்தில் என் மகளுக்கு அன்றிலிருந்து புத்தி நிலையில்லை, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

71 வயது ரெபெக்கா நர்ஸையும் அவர் தங்கை மேரி ஈஸ்டியையும் தூக்கிலிட்டார்களே, அங்கும் இதே கணக்குதான். அவர்கள் தாயைப் பற்றி முன்பே ஊரில் ஒரு பேச்சு இருந்தது. தாயின் மேல் சந்தேகம், மகள்களின் கழுத்தில் கயிறு. சூனியம் வம்சத்தில் வரும் என்று உறுதியாக நம்பியவர்கள் குற்றம் சாட்டியவர்கள். தூக்கில் தொங்கியவர்களோ, எங்களிடம் அப்படி எதுவுமே இல்லை என்று கடைசி மூச்சு வரை சொன்னார்கள். ஒப்புக்கொண்டவர்களுக்குத் தண்டனையைத் தள்ளிப்போட்டு வைத்திருந்தார்கள். ஒரு பொய் சொல்லியிருந்தால் பிழைத்திருக்கலாம். உயிரைக் கொடுத்து மறுத்த அந்தப் பெண்ணுக்கு, உன் ரத்தத்தில் மந்திரம் இருந்தது என்று இன்றைய கதாசிரியர் அன்போடு பட்டம் சூட்டும்போது என் மனம் ஒப்பவில்லை. கொடுப்பது அன்போடுதான்; ஆனாலும் அது ஹாதார்னின் தீர்ப்பு.

காதல் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறது. பிலிப் இங்கிலிஷ் சேலத்தின் பெரும் பணக்கார வணிகர். அவரையும் அவர் மனைவி மேரியையும் பிடித்தார்கள். இருவரும் நியூயார்க்குக்குத் தப்பினார்கள். அவர் சொத்தை ஷெரீஃப் வாரிக்கொண்டு போனார். சாகும் வரை அவர் நீதிபதி ஹாதார்னை மன்னிக்கவில்லை என்பது ஊர்ப் பேச்சு. ஆனால் பின்னாளில் அந்த இரண்டு குடும்பங்களும் சம்பந்தம் செய்துகொண்டன. எழுத்தாளர் நதானியேல் ஹாதார்ன் இந்தச் செய்தியைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அந்த நீதிபதி அவருக்குத் தாத்தாவின் தாத்தா. 1850இல் வந்த நாவலின் முன்னுரையில், முன்னோர்கள் செய்ததற்கு அவர்கள் சார்பில் நான் வெட்கப்படுகிறேன், அவர்கள் தேடிக்கொண்ட சாபம் ஏதும் இருந்தால் அது இன்றோடு நீங்கட்டும் என்று எழுதினார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'ஏழு முகட்டு வீடு' நாவலில் சாரா குட்டின் அந்த ரத்த சாபத்தையே எடுத்து, நிலத்துக்காகச் சூனியப் பழி சுமத்தித் தூக்கிலிடப்பட்ட ஒருவன் வாயில் வைத்தார். கடைசியில் கொன்ற குடும்பத்துப் பெண்ணும் கொல்லப்பட்டவன் வழிவந்த இளைஞனும் கைகோர்க்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் எங்கிருந்து வந்தான் என்று இப்போது தெரிகிறதா? கவனித்துப் பாருங்கள், இதில் சாபம் தங்கியிருப்பது கொன்றவன் வீட்டில். அந்த இடத்தை ஹாதார்ன் சரியாகப் பிடித்தார் என்பேன்.

கொல்லப்பட்டவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது வேறு ஒன்று. தண்டனைப் பதிவு. குற்றவாளி என்ற பெயர், பறிபோன சொத்து, டாரதியைப் போன்ற பிள்ளைகள். இதை நீக்கப் பரிகாரம் எதுவும் இருக்கவில்லை. மனு எழுத வேண்டியிருந்தது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதினார்கள். 1711இல் 22 பேர் மீதான தண்டனையை மாசசூசெட்ஸ் ரத்து செய்தது. 578 பவுண்டு 12 ஷில்லிங் நஷ்டஈடு. விடுபட்டவர்களுக்கு 1957இலும் 2001இலும் சட்டம் வந்தது.

அப்போதும் ஒருவர் மிஞ்சினார். ஆண்டோவர் ஊரைச் சேர்ந்த எலிசபெத் ஜான்சன். 1692இல் அவருக்கு 22 வயது. பாதிரியார் பிரான்சிஸ் டேனின் பேத்தி. சூதுவாது தெரியாத பெண் என்ற பொருளில் தாத்தாவே அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். மிரட்டலில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மரண தண்டனை விதித்தார்கள்; ஆளுநர் பிப்ஸ் நிறுத்திவைத்ததால் உயிர் பிழைத்தார். 1711 பட்டியலில் தன் பெயர் இல்லை என்று அடுத்த ஆண்டே மனு கொடுத்தார். பதில் கிடைக்கவில்லை. தாயின் பெயரும் எலிசபெத் ஜான்சன் என்பதால் குழப்பம் நேர்ந்திருக்கலாம். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1747இல் சட்டத்தின் கண்ணில் சூனியக்காரியாகவே இறந்தார். மற்றவர்களுக்காக வாதாட வம்சம் இருந்தது. இவருக்குப் பிள்ளைகள் இல்லை, கேட்க ஆள் இல்லை.

கேட்டவர்கள் யார் தெரியுமா? நார்த் ஆண்டோவர் நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். குடிமையியல் ஆசிரியை வழிகாட்ட, பழைய ஆவணங்களைப் படித்தார்கள், சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரு வகுப்பு மேலே போனால் அடுத்த வகுப்பு எடுத்துச் செய்தது. செனட்டர் டயானா டிசோக்லியோ அதை மாநில பட்ஜெட்டோடு சேர்த்து நிறைவேற்ற வைத்தார். 2022 ஜூலையில் ஆளுநர் கையெழுத்திட்டார். தண்டனை விதித்த 1693இலிருந்து 329 ஆண்டுகள். ரத்தபந்தம் ஏதுமில்லாத, பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் செய்த வேலை இது. உங்களைவிட இளையவர்கள்!

உங்களில் எழுத ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறீர்கள் என்று அறிவேன். காதலும் இருக்கட்டும், பேயும் இருக்கட்டும். எழுதுவதற்கு முன் அந்த விசாரணைப் பதிவுகளைப் படித்துவிடுங்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சாரா குட்டின் விசாரணையிலிருந்து தொடங்குங்கள். பிறகு எலிசபெத்தின் மனுவுக்கு வாருங்கள்.