செங்கோட்டைப் பாதையின் பழைய படங்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து போடப்பட்ட மீட்டர்கேஜ் ரயில் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமே உள்ள பாதை, 1904-ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று திறக்கப்பட்டது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா. செங்கோட்டையும் அவருடைய சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊராகவே இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். 2010 செப்டம்பரில் மீட்டர்கேஜ் வண்டி தன் கடைசி ஓட்டத்தை முடித்தது. 2018-இல் அதே மலையில் அகலப்பாதை வண்டி ஏறத் தொடங்கியது. இடைப்பட்ட நூறு ஆண்டுகளுக்கும் மேலான காலம் நம் வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் புகைப்படங்களாகக் கிடக்கிறது. அந்தப் படங்களை எப்படிப் பார்ப்பது, எப்படிக் காப்பது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பழைய ரயில் படம் கையில் கிடைத்ததும் நம் கண் எஞ்சினுக்குத்தான் போகும். தவறில்லை, எஞ்சினும் பல செய்திகளைச் சொல்லும். பக்கவாட்டில் எடுத்த படமாக இருந்தால் சக்கரங்களை எண்ணிப் பாருங்கள். முன்னால் இரண்டு சிறியவை, நடுவில் மூன்று பெரியவை, பின்னால் ஒன்று என்றிருந்தால் பெரும்பாலும் அது பயணிகள் வண்டிக்கான எஞ்சின். ஒன்று, நான்கு, ஒன்று என்றிருந்தால் சரக்கு வண்டிக்கானது. டிரைவர் நிற்கும் அறையின் பக்கத் தகட்டில் ஒய்.பி. என்ற எழுத்துகள் தெரிந்தால், அந்தப் படம் 1949-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. அந்த வகை எஞ்சின்கள் அந்த ஆண்டு முதல்தான் இந்தியாவுக்கு வந்தன. தென்னிந்திய ரயில்வே மற்ற இரு ரயில்வேக்களோடு இணைந்து தெற்கு ரயில்வே ஆனது 1951 ஏப்ரல் 14 அன்று என்பதால், கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரின்மீது எழுதியிருக்கும் ஆங்கில எழுத்துகள் எந்த ரயில்வேயின் பெயரைக் குறிக்கின்றன என்பதைக் கொண்டும் காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

எனக்கு எழுத்துகளைவிடப் புகையின்மேல்தான் நம்பிக்கை அதிகம். புனலூரிலிருந்து எடமண், ஒற்றைக்கல், தென்மலை, கழுத்துருட்டி, இடப்பாளையம், ஆரியங்காவு என்று பாதை ஏறிக்கொண்டே வந்து, பகவதிபுரத்துக்கு முன்னால் உள்ள நீண்ட குகையைத் தாண்டிய பிறகுதான் நம் பக்கம் இறங்கும். அந்த ஏற்றத்தில் ஓர் எஞ்சினால் மட்டும் வண்டியை இழுக்க முடியாது என்பதால், பின்னால் இன்னொன்றைக் கோத்துத் தள்ளவைப்பார்கள். கழுத்துருட்டிப் பதிமூன்று கண் பாலத்தின்மேல் வண்டி நிற்பதுபோல ஒரு படம் என்னிடம் இருக்கிறது. பெட்டிகளின் இரு முனைகளிலிருந்தும் கரும்புகை செங்குத்தாக எழுகிறது. இரு எஞ்சின்களும் முழு மூச்சாக உழைக்கின்றன. ஆகவே அது செங்கோட்டையை நோக்கி ஏறி வரும் வண்டி என்று துணிந்து சொல்லலாம். இறக்கத்தில் அதே வண்டி அவ்வளவு புகை கக்காது. படத்தின் பின்புறத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்றாலும், வண்டி வந்த திசையை அந்தப் புகையே எழுதிவைத்திருக்கிறது.

இப்போது படத்தின் ஓரங்களுக்கு வாருங்கள். கம்பெனிக்காரர்களும் அதிகாரிகளும் எடுத்துவைத்த படங்களில் பாலம் இருக்கும், குகைவாய் இருக்கும், தொப்பி அணிந்த துரைமார் இருப்பார்கள். கல் சுமந்தவர்களும் பாதையைத் தினமும் நடந்து பார்த்த கேங்மேன்களும் தற்செயலாக ஓரத்தில் நின்றால்தான் உண்டு. நம் வீட்டுப் படங்கள் அப்படியல்ல. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும் பெண்ணை ஆரியங்காவு பிளாட்பாரத்தில் நிறுத்தி எடுத்த படத்தில், அவள் தலைக்குப் பின்னால் கைகாட்டி மரம் நிற்கிறது, தண்ணீர் தொட்டி நிற்கிறது, தமிழும் மலையாளமும் எழுதிய பெயர்ப்பலகை பாதி தெரிகிறது. அந்தப் பலகையில் இந்தியும் இருந்தால் அது சுதந்திரத்துக்குப் பிந்தைய படம் என்று கொள்ளலாம். குடும்பத்தாருக்கு அது கல்யாணப் படம்; இந்த மலைப்பாதையின் வரலாற்றை எழுத முனைபவருக்கு அது ஓர் ஆவணம்.

மிகுந்த வருத்தத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஒரு ஸ்டூடியோவை மூடியபோது, அங்கிருந்த நெகட்டிவ்களைக் கேட்டு வாங்கலாம் என்று நான் போனேன். முந்தின வாரமே வெள்ளி எடுப்பவரிடம் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஃபிலிமில் படிந்துள்ள வெள்ளிக்காக அதைக் கரைத்துவிடுவார்கள். எத்தனை பிளாட்பாரங்கள், எத்தனை முகங்கள் அந்தக் கரைசலில் போயிருக்கும் என்று எண்ணினால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள். படலம் கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தோடு அப்படியே வைத்து, வெளிச்சம் எதிரொளிக்காத கோணத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள். தனிப்படங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மழைக்காலத்தில் அடைத்துவைக்காதீர்கள். குற்றாலச் சாரல் வீசும் நம் பக்கத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும், காகித உறையே நல்லது. முக்கியமாக, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் அருகில் அமர்ந்து, இது எந்த ஸ்டேஷன், நிற்பவர் யார் என்று கேட்டு, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

என் தாத்தா இந்தப் பாதையில் கேங்மேனாக வேலை பார்த்தவர். அவர் விட்டுச்சென்ற ஒரே ரயில் படத்தில், பகவதிபுரம் ஸ்டேஷன் வாசலில் நான்கு பேர் நிற்கிறார்கள். வலது ஓரத்தில் நிற்பவர், அடுத்த ஸ்டேஷன்வரை போகலாம் என்ற அனுமதியாக டிரைவரிடம் கொடுக்க வேண்டிய டோக்கன் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி கேமராவைப் பார்க்கிறார். தாத்தா உயிரோடு இருந்த நாளில் அவர் யார் என்று நான் கேட்கவில்லை. பின்புறத்தில் 'பகவதிபுரம், இடமிருந்து இரண்டாவது தாத்தா' என்று மட்டும் பென்சிலால் எழுதி, வலது ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

வணக்கம்.