கையில் ஒரு கயிறு

(இயற்கை ஆர்வலர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

போன மார்கழியில் ஒரு நாள் காலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோடு எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு நடக்கப் போயிருந்தேன். வரலாறு நடத்தியவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'சார்'தான். என் முழங்கைக்கு மேலே லேசாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் வெள்ளைக்கோலோடு வந்தார். புளியமரச் சாலை முடிந்து கரைமேல் ஏறுகிற இடத்தில் சட்டென்று நின்றுவிட்டார். "தம்பி, மரமெல்லாம் முடிஞ்சு வெட்டவெளி வந்துடுச்சில்ல?" என்றார்.

எப்படிச் சார் தெரிந்தது என்று கேட்டேன். "இடது கன்னத்துல வெயில் விழுந்துச்சு. அப்புறம், இவ்வளவு நேரம் நம்ம செருப்புச் சத்தம் மரத்துல பட்டுத் திரும்பி வந்துக்கிட்டே இருந்துச்சு. இப்போ போற சத்தம் போயிடுது, வரலை."

இருபது வருடமாக அந்தக் கரையில் பைனாகுலரோடு அலைகிறவன் நான். என் செருப்புச் சத்தம் திரும்பி வருவதை ஒரு நாளும் கேட்டதில்லை.

கரைமேல் ஒரு பெரிய மருதமரம் உண்டு. இரண்டு கையையும் விரித்து அதன் மேல் வைத்தார். மருதம்பட்டை வழுவழுவென்று இருக்கும். அங்கங்கே மெல்லிய தகடாக உரிந்து நிற்கும். உரிந்த ஓரத்தை நகத்தால் மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். உள்ளே இருந்த புதுப்பட்டையில் உள்ளங்கையை வைத்து, "இது கொஞ்சம் ஈரமா, குளுகுளுன்னு இருக்கு" என்றார். பக்கத்தில் இருந்த வேம்புக்குப் போனோம். அதன் வெடிப்புகளில் விரலை விட்டு மேலிருந்து கீழாக இழுத்தார். மறுபடியும் மருதத்துக்கு வந்தார். இப்படி அரைமணி நேரம். திரும்பும்போது ஒன்று சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா நீங்க நின்னா நான் நிக்கணும், நீங்க நடந்தா நான் நடக்கணும். ஒரு நாளாவது இங்க நான் தனியா வரணும்."

அந்த 'தனியா' என்ற சொல்லைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

இதை யோசித்தவர்கள் நமக்கு முன்னாலேயே இருக்கிறார்கள். நியூயார்க்கில் புரூக்ளின் தாவரவியல் தோட்டத்தில் 1955ஆம் ஆண்டே ஒரு நறுமணத் தோட்டம் அமைத்தார்கள். வடிவமைத்தவர் ஆலிஸ் அயர்ஸ் என்ற பெண்மணி. பாத்திகளை உயர்த்திக் கட்டி, குனியாமலே செடிகளைத் தொடவும் முகரவும் வழி செய்தார். ஆனால் அது தோட்டம். காட்டுக்குள் போனது 1967இல். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆஸ்பென் என்ற மலையூர் இருக்கிறது. அதற்குப் பக்கத்துக் காட்டில் ராபர்ட் லூயிஸ் என்ற இயற்கை ஆர்வலர் ஒரு பாதை போட்டார். நீளம் கால் மைல்தான், சுமார் 400 மீட்டர். நடப்பவர் கையால் பற்றிக்கொண்டே போக ஓரமாக ஒரு கயிறு, நிற்க வேண்டிய இடங்களில், மேடான புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கிற பிரெயில் எழுத்துப் பலகை. அவ்வளவுதான். ஆனால் பார்வையில்லாத ஒருவர், யார் கையையும் பிடிக்காமல், தனக்குப் பிடித்த மரத்தடியில் தனக்கு வேண்டிய நேரம் நிற்கலாம்.

அதே 1967இல்தான் ஜப்பானின் ஒகாயாமா நகரத்தில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே உள்ள சாலையில், சேயிச்சி மியாகே வடிவமைத்த மேடுபோட்ட தரைக்கற்களை முதன்முதலாகப் பதித்தார்கள். இன்றைக்கு நம் ரயில் நிலையங்களிலும் மெட்ரோவிலும் மஞ்சள் நிறத்தில் இருக்கிறதே, அதுதான். புள்ளி இருந்தால் நில், கோடு இருந்தால் நட. காட்டில் கைக்குக் கயிறு, ஊரில் காலுக்குக் கல். இரண்டும் ஒரே வருடம் வந்திருக்கின்றன என்பதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

சமீபத்தில் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, பாஸ்டன் நகரத்தை ஒட்டிய வாட்டர்டவுனில் சார்லஸ் ஆற்றங்கரையில் 2016இல் திறந்த பாதை. பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லர் படித்த, பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பள்ளி 1912 முதல் அந்த ஊரில்தான் இருக்கிறது. அங்கே வழிகாட்டும் கம்பியில் மணிகள் கோத்திருக்கிறார்கள். மணியின் வடிவம் மாறினால் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று கை தெரிந்துகொள்ளும். தட்டினால் இசைக்கிற மர இருக்கைகூட உண்டு. ஒன்றைக் கவனியுங்கள். அது பொதுப் பூங்கா. குழந்தைகள் அந்த இருக்கையைத் தட்டி விளையாடலாம், காலையில் ஓடுகிறவர்கள் அதே பாதையில் ஓடலாம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'பார்வையற்றோருக்கான தோட்டம்' என்று தனியாக வேலி போட்டுக் கட்டுவதைப் பார்வையற்றோர் இயக்கங்களே எதிர்த்திருக்கின்றன. எங்களைத் தனியாக ஒதுக்காதீர்கள், ஊருக்கு இருக்கிற பூங்காவில் எங்களுக்கும் வழி விடுங்கள் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம். நம் நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சம் பேர். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பண்பாட்டிலும் பொழுதுபோக்கிலும் அவர்களுக்கு மற்றவர்களுக்கு இணையான உரிமை உண்டு என்கிறது. அப்படியென்றால் மூலையில் ஒரு துளசிப் பாத்தியைக் காட்டிவிட்டு நம் கடமை முடிந்தது என்று சொல்ல முடியாது.

வெளியூரில் ஒரு பூங்காவுக்குச் சாரை அழைத்துப் போயிருந்தேன். வாசலில் பிரெயில் பலகை இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அவர் கையை எடுத்து அதன் மேல் வைத்தேன். தடவினார், திரும்பத் தடவினார். "இதுல ஒண்ணும் இல்லையே தம்பி" என்றார். குனிந்து பார்த்தேன். பிரெயில் புள்ளிகளை அழகாகக் கறுப்பு மையில் அச்சடித்திருந்தார்கள். மேடே இல்லை. வழவழவென்று கண்ணாடி மாதிரிப் பலகை. அதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவரைக்கூடக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்றைக்குச் சாரின் விரல் அந்தப் பலகையில் தேடிக்கொண்டே இருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

சரி, நம் ஏரிக்கரையில் செய்வதாக இருந்தால் எப்படி?

முதலில் கயிறு. இடுப்புயரத்தில், தொய்யாமல் இருக்க வேண்டும். இரும்புக் குழாய் போடலாமே என்பார்கள். சித்திரை வெயிலில் பகல் 12 மணிக்கு அதைத் தொட்டுப் பாருங்கள், கை பழுத்துவிடும். தேங்காய் நார்க் கயிறு கைக்கு நன்றாக இருக்கும், ஆனால் மழையிலும் வெயிலிலும் கிடந்தால் நாளடைவில் இற்றுப்போகும். நைலான் கயிறு வெயிலில் சிம்பு சிம்பாகப் பிரிந்து கையில் குத்தும். எதைப் போட்டாலும் எறும்பு அதைத்தான் ராஜபாட்டையாக எடுத்துக்கொள்ளும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் முழு நீளத்துக்கும் கையை ஓட்டிக்கொண்டே நடந்து பார்க்க வேண்டும். மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிகள் கடலருகே போக மரப்பாதை திறந்தார்கள். எத்தனை பேர் முதன்முறையாக அலையில் கால் நனைத்தார்கள்! இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். கட்டுகிற செலவைப் போலவே காப்பாற்றுகிற செலவையும் முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும்.

தரையும் பேச வேண்டும். நடக்கிற இடத்தில் பொடிக்கல், நிற்கிற இடத்தில் மரப்பலகை. கால் வைத்ததுமே சத்தம் மாறும், இங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஓரத்தில் கோல் தட்டுப்படும் அளவுக்கு ஒரு விளிம்பு. ஒன்றை நாம் எப்போதும் மறக்கிறோம்: தலைக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை வெள்ளைக்கோல் கண்டுபிடிக்காது. அதை வெட்டியே ஆக வேண்டும். அதேபோல் கை எட்டும் தூரத்தில் எருக்கு, அரளி, தொட்டால் அரிக்கிற பூனைக்காலி, காஞ்சொறி எதுவும் கூடாது. எருக்கம்பால் பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்சமாவது பார்வை மிச்சம் இருப்பவர்களும் அந்தப் பாதையில் வருவார்கள்.

மரங்களுக்குப் பஞ்சமே இல்லை. பராய் இலையைத் தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். இளந்தேக்கிலையைக் கசக்கினால் பிசுபிசுப்பு. இலவத்தின் அடிமரத்தில் கூம்பு கூம்பாக முள், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டு மெதுவாகத் தொடச் சொல்லலாம். ஆலம் விழுது இருக்கிறதே, இளசின் நுனி மெத்தென்று இருக்கும், முற்றியது தூண் மாதிரி இருக்கும். ஒரே மரத்தில் இரண்டையும் தொடலாம். வாசனைக்கு நொச்சி, வில்வம், கீழே உதிர்ந்து காய்ந்த பிறகும் மணக்கிற மகிழம்பூ. காற்றுக்கு வாகை. வாகை நெற்று காய்ந்து கலகலக்கும் சத்தத்தை, கயிற்றின் மேல் ஆடுகிறவர்களுக்குக் கொட்டும் பறையோடு ஒப்பிட்டார் ஒரு சங்கப் புலவர். அந்தப் பாட்டைப் பிரெயிலில் அடித்து வாகையின் அடியிலேயே வைக்கலாம்.

பறவைகளுக்காக நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஒலிபெருக்கி வைக்காமல் இருப்பது. செம்போத்தின் 'கூப் கூப்', குக்குறுவானின் 'டுக் டுக்', புல்வெளியில் கத்திக்கொண்டே பறக்கும் ஆட்காட்டி எல்லாம் உயிரோடு அங்கேயே இருக்கும்போது பதிவு செய்த குரல் எதற்கு?

ஆனால் விளக்கத்துக்குக் குரல் வேண்டும். நடுவயதில் பார்வை இழந்தவர்களில் பலருக்குப் பிரெயில் தெரியாது. அவர்களுக்கு நம் ஊர்த் தமிழில், ஒரு நிமிடத்துக்கு மேல் போகாத ஒலிக்குறிப்பு, கைபேசியில் கேட்கும்படி. "உங்கள் வலது கைப்பக்கம் மருதமரம், பட்டை உரிந்த இடத்தைத் தேடிப் பாருங்கள்" என்றால் போதும். தாவரவியல் பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஓரளவு பார்வை உள்ளவர்களுக்குக் கறுப்பில் மஞ்சளாகப் பெரிய எழுத்து.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குப் புளியமரச் சாலை முனையில் கூடுகிறோம். அங்கிருந்து மருதமரம் வரைக்கும் ஒரு கயிறு கட்டிப் பார்க்கப் போகிறோம். கடப்பாரை, மூங்கில் கழி வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். நிற்கிற இடத்தைக் கைக்குச் சொல்லும் முடிச்சுகளைக் கயிற்றில் எங்கெங்கே போடுவது என்று நாம் முடிவு செய்யப் போவதில்லை. சார் வருகிறார், அவர் நடந்து பார்த்துச் சொல்வார்.

நன்றி.